நேசம்மாவின் நீச்சல் தொட்டி

பத்திநாதர் செம்பை நீட்டினார்.

"குடியும்."

நேசம்மா வாங்கிக் குடித்தாள். நாக்கில் பட்டவுடனேயே தெரிந்தது. ஆனாலும் விழுங்கினாள்.

"எப்பிடி?"

"உப்புத்தான்."

"என்ரை அப்பு வெட்டின கிணறு. கோடையிலை ஊர்காவற்றுறைக்கு வாற வத்தைக்காரர் பீப்பாவோடை வந்து அள்ளிக்கொண்டு போறவை. இப்ப மாடு மணந்து பாத்திட்டுத் திரும்புது."

"எப்ப துடக்கம்?"

"நீர் உந்தத் தொட்டிக்குள்ளை கடலைக் கொண்டந்து வைச்ச நாள் துடக்கம்."

அது சரியில்லை. தொட்டி கட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிணறு கெட்டது இந்த ஆடியில்தான். நேசம்மா அதைச் சொல்லவில்லை. மூன்று நாளாகத் தொட்டியின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருந்ததை அவளும் பார்த்திருந்தாள். வெயிலுக்கு இவ்வளவு இறங்காது.

"குழாய் எங்கையோ ஒழுகுது," என்றாள். "திருத்துறன்."

"திருத்த வேண்டாம். மூடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நான் மண் வண்டியோடை வருவன். நீர் மூடாட்டில் நான் மூடுவன்."

"ஞாயிற்றுக்கிழமை வாருங்கோ. ஒழுக்கு நிண்டிருக்கும்."

"ஆர் வந்து திருத்துவினம்?"

அவர் சிரிக்கவில்லை. செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டுப் போனார். அன்று புதன்கிழமை.

பத்திநாதர் சம்மாட்டியார். சரக்கேற்றும் இரண்டு வத்தைகளும் ஒரு கரைவலையும் அவருடையவை. அந்தக் கரையில் மேசன், தச்சன், வத்தைக்குக் கலப்பத்து அடிக்கிறவன், எல்லோருக்கும் வேலை கொடுப்பவர் அவர்தான். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

தொட்டி நேசம்மாவின் வளவில், கடலுக்குக் கிட்ட இருந்தது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. ஒரு பக்கம் இடுப்பளவு ஆழம், மறுபக்கம் ஒன்றரை ஆள். கைப்பம்பால் கடல்நீரை இறைத்து நிரப்புவாள். நல்ல தண்ணீரை நீந்துவதற்கு ஊற்றுகிற துணிவு தீவில் ஒருவருக்கும் வராது, அவளுக்கும் வரவில்லை. நாலு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே கிடுகு வேலி. சனிக்கிழமைகளில் ஊர்ப் பெண்பிள்ளைகள் வந்து அங்கே நீந்தப் பழகினார்கள்.

நாலு வருடங்களுக்கு முன், புங்குடுதீவில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பிய தோணி கரைக்குக் கிட்ட வந்து சரிந்தது. கரையில் நின்றவர்களுக்கு முகங்கள் தெரிந்தன. ஆண்கள் நீந்தி வந்தார்கள். பெண்கள் வரவில்லை. அவர்களில் ஒருத்தி கிறேசம்மா, நேசம்மாவின் தங்கை. நேசம்மா அப்போது மலாயாவில், தைப்பிங்கில் இருந்தாள். கணவன் சில்வெஸ்ரருக்கு அங்கே மராமத்துக் கந்தோரில் வேலை. மிசன் பள்ளிக்கூடத்துத் தொட்டியில் அவள் நீந்தப் பழகியிருந்தாள். தங்கையின் செய்தி வந்தபோது, நீந்திவிட்டு வந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

சில்வெஸ்ரர் காய்ச்சலில் இறந்த பிறகு அவள் ஊருக்கு வந்தாள். வீட்டைத் திருத்தும் முன் தொட்டியைக் கட்டினாள்.

சரிந்த தோணியில் பத்திநாதரும் இருந்தார். நீந்தி வந்தார்.

*

வியாழன் காலை நேசம்மா மேசன் குருசுமுத்துவின் வீட்டுக்குப் போனாள். அவன் படலையைத் திறக்காமல் பேசினான்.

"சம்மாட்டியார் வீட்டிலை மதில் கட்டுறன், அக்கா."

"எப்ப முடியும்?"

"உங்கடை குழாய்ப் பிரச்சினை முடிஞ்ச பிறகு."

"அவ்வளவு நீளமான மதிலோ?"

குருசுமுத்து நிலத்தைப் பார்த்தான். "என்னை ஏன் கேக்கிறியள். நான் சாப்பிட வேண்டாமோ."

அங்கிருந்து கடற்கரைக்குப் போனாள். இன்னாசித்தம்பி ஒரு வத்தையைக் கரையேற்றிச் சரித்து வைத்துக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள நீக்கலில் பஞ்சுத் திரியை வைத்து, மொட்டை உளியால் இறுக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுகிற வேலை. நேசம்மா பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்தாள். அவனும் பார்க்க விட்டான்.

"உளி ஒண்டு தா. குங்கிலியமும் கொஞ்சம்."

"எந்த வள்ளத்துக்கு?"

"நிலத்துக்குக் கீழை போற வள்ளத்துக்கு."

இன்னாசித்தம்பி உளியைத் துடைத்தான். "நான் வரமாட்டன்."

"உன்னை ஆர் கேட்டது?"

"நான் தரவும் இல்லை. இந்தா, இதிலை வைக்கிறன். பிறகு காணேல்லை எண்டு தேடுவன்." உளியையும் குங்கிலியச் சட்டியையும் மணலில் வைத்துவிட்டு வத்தையின் மறுபக்கம் போனான்.

வீட்டுக்கு வந்தபோது சீதேவி மண்வெட்டியோடு நின்றாள். அடுத்த ஊர்க்காரி. நேசம்மாவின் வீட்டில் வேலை செய்கிறவள். அவளுடைய மகள் இராசமணி தொட்டியில் நீந்துகிறவர்களில் ஒருத்தி.

"ஒருத்தரும் வரேல்லையோ, அக்கா?"

"உளி வந்தது."

"உளி தானா வெட்டுமோ?"

"நீ வெட்டுவாய். நானும் வெட்டுவன்."

"நல்லது. நான் கலியாணத்துக்குக்கூட இவ்வளவு ஆயத்தமா வெளிக்கிடேல்லை," என்றாள் சீதேவி. குழி தோண்டுகிற கனத்த இரும்பு அலவாங்கை எடுத்துத் தோளில் வைத்தாள்.

குழாய் தொட்டியின் அடியிலிருந்து புறப்பட்டு, நிலத்துக்குக் கீழே பத்திநாதரின் வேலியோரமாகப் போய்க் கடற்கரையில் முடிந்தது. சுட்டமண் குழாய், துண்டு துண்டாகப் பொருத்தியது. அடைக்கிற மரத்தக்கை கடற்கரை முனையில், ஒரு கற்கூட்டுக்குள் இருந்தது. தொட்டியைக் கழுவும் நாளில் கூலிக்கு வருகிற ஆள் அங்கே போய்த் தக்கையைக் கழற்றுவான். தொட்டி முனையில் அடைப்பு வைத்திருந்தால் அவன் வேலிக்குள் வரவேண்டியிருக்கும். பெண்பிள்ளைகள் குளிக்கிற இடத்துக்கு ஆண் ஒருவன் வரக்கூடாது என்று பிள்ளைகளின் தாய்மார் கேட்டார்கள். நேசம்மாவும் அதுவே சரி என்று நினைத்தாள். அப்படியே படம் கீறி மேசனிடம் கொடுத்தாள். அதனால் இரண்டு வருடமும் குழாய் முழுக்க எப்போதும் தண்ணீர் நின்றது. அப்போது அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

முதலில் தொட்டியை வெறுமையாக்கப் பார்த்தாள். கற்கூட்டில் இறங்கித் தக்கையைக் கழற்றினாள். விரல் பருமனில் தண்ணீர் வந்தது. அதோடு தலைமயிர் போல வேர் வந்தது. இழுத்தாள். அறுந்தது. உள்ளே இன்னும் இருந்தது.

"பனை வேர்," என்றாள் சீதேவி. "குழாய்க்குள்ளை பந்தல் போட்டிருக்குது."

பத்திநாதரின் கிணற்றுக்கு நேரே, வேலிக்கு இந்தப் பக்கம், ஒரு பனை நின்றது. அதனடியில் மண் கறுத்திருந்தது. வாளியால் அள்ளித் தொட்டியை வற்றவைக்கலாம் என்று இருவரும் மத்தியானம் வரைக்கும் அள்ளிக் கடலில் ஊற்றினார்கள். மட்டம் ஒரு விரல் இறங்கியது. மாதக்கணக்கில் அள்ள வேண்டியிருக்கும். ஆகவே பனையடியில் வெட்டினார்கள்.

இடுப்பளவு வெட்டியபோது குழாய் தெரிந்தது. வேர் ஒரு பொருத்தைக் கீழிருந்து தூக்கியிருந்தது. பொருத்தின் வாயில் விரல் நுழைகிற நீக்கல். அதற்குள்ளிருந்து தண்ணீர் தெறித்து, குழியின் சுவரில் பட்டு, பத்திநாதரின் கிணற்றுப் பக்கமாக மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சீதேவி கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துத் துப்பினாள். "சம்மாட்டியார் பொய் சொல்லேல்லை."

"இல்லை," என்றாள் நேசம்மா.

அவள் வேரை வெட்டினாள். பஞ்சைத் திரித்தாள். இன்னாசித்தம்பி செய்ததைப் போலவே திரியை நீக்கலில் வைத்து உளியால் இறுக்கினாள். தண்ணீர் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். நீர் குறைந்து, சொட்டாகி, நின்றது. மேலே குங்கிலியத்தைக் கட்டியாகப் பூசினாள். சீதேவி தென்னோலை கொளுத்திக் குங்கிலியத்தை இளக்கிக் கொடுத்தாள்.

"வள்ளம் வெள்ளோட்டத்துக்கு ஆயத்தம்," என்றாள் சீதேவி.

வெள்ளி காலை குழி முழங்கால் அளவு தண்ணீராக இருந்தது. பஞ்சுத் திரி முழுசாக அதில் மிதந்தது. குங்கிலியக் கட்டி அடியில் கிடந்தது.

நேசம்மா திரியைப் பிழிந்து வைத்தாள். புதிதாக இன்னொன்று திரித்தாள். இந்த முறை தடிப்பாக.

"பாக்கிறவை சிரிப்பினம்," என்றாள் சீதேவி.

"பாக்கட்டும்."

அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பத்திநாதரின் ஆட்கள் கிணற்றடிக்கு வருவதும் போவதுமாக இருந்தார்கள். மாட்டு வண்டிக்கார மரியதாசன் வேலிக்கு மேலால் தலையை நீட்டினான்.

"அக்கா, எண்ணெய்க் கிணறோ தோண்டுறியள்?"

"உன்ரை நாக்கைப் புதைக்க," என்றாள் சீதேவி. "இன்னும் ஆழம் காணாது. அதுதான் வெட்டுறம்."

இரண்டாவது திரி மத்தியானம் வரைக்கும் நின்றது. பின்னேரம் கழன்றது. சனிக்கிழமை காலை நேசம்மா மூன்றாவது திரியை வைத்து முழுப் பலத்தோடு அடித்தாள். குழாயின் விளிம்பு ஒரு கையளவு உடைந்து விழுந்தது. முன்பு தெறித்த தண்ணீர் இப்போது கொட்டியது.

அவள் உளியைக் கீழே வைத்தாள். குழிக்குள்ளேயே இருந்தாள். தண்ணீர் மடியில் ஏறியது.

அப்போது பிள்ளைகள் வந்தார்கள். சனிக்கிழமை. சீதேவி அவர்களைத் திருப்பி அனுப்பலாமா என்று பார்வையால் கேட்டாள்.

"இறங்கச் சொல்லு," என்றாள் நேசம்மா. "கடைசி நாள் எண்டாலும் நீந்தட்டும்."

"கடைசி நாளோ?"

"எண்டாலும் எண்டுதான் சொன்னனான்."

பிள்ளைகள் நீந்தும் சத்தம் குழிக்குள் கேட்டது. அன்று முழுவதும் முயன்றும் அவளால் ஒழுக்கை அடைக்க முடியவில்லை. குழாயைச் சீலையால் சுற்றினாள், கயிற்றால் வரிந்தாள், களிமண் அப்பினாள். எல்லாவற்றையும் தண்ணீர் தள்ளிவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தது. நேசம்மா பூசைக்குப் போகவில்லை. குழியின் விளிம்பில் இருந்து கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னாசித்தம்பியின் வத்தை கலப்பத்து முடிந்து தண்ணீரில் நின்றது. ஒரு சொட்டும் உள்ளே போயிருக்காது.

"அவன்ரை பஞ்சு நிக்குது. என்ரை பஞ்சு நிக்கேல்லை," என்றாள்.

சீதேவி கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "அவனுக்குக் கடல் வெளியாலை. எங்களுக்குக் கடல் உள்ளாலை. எங்கை நிண்டு அடிச்சாலும் முதுகிலைதான் அடிக்கிறம், அக்கா."

நேசம்மா கோப்பியைக் குடிக்கவில்லை.

வத்தையில் கடல் வெளியே நின்று பஞ்சை உள்ளே தள்ளுகிறது. தள்ளத் தள்ளப் பஞ்சு இறுகும். குழாயில் கடல் உள்ளே நின்று பஞ்சை வெளியே தள்ளுகிறது. தண்ணீர் வருகிற பக்கத்திலிருந்து அடைக்க வேண்டும். அந்தப் பக்கம் தொட்டியின் அடியில், ஒன்றரை ஆள் ஆழத்தில் இருந்தது. அங்கே யாரும் போகத் தேவையில்லாதபடிதான் எல்லாம் கட்டப்பட்டிருந்தது.

அவள் எழுந்து கடற்கரைக்குப் போனாள். கற்கூட்டிலிருந்து மரத்தக்கையை எடுத்தாள். பூவரசு மரம், ஒரு பக்கம் ஒடுங்கியது, அந்தக் குழாய்க்கென்றே கடைந்தது. மிச்சப் பஞ்சை அதில் சுற்றிக் குங்கிலியம் தோய்த்தாள்.

"வேலிப் படலையைச் சாத்திவிடு," என்றாள். "நீ குழிக்குள்ளை நிண்டு தண்ணியைப் பார்."

சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு, மார்புக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டோடு தொட்டியில் இறங்கினாள்.

முதலில் வெறுங்கையோடு மூச்சை அடக்கி அடிக்குச் சுழியோடினாள். குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருந்தது. துருப்பிடித்துக் கையோடு வந்தது. கையைக் குழாய் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். தண்ணீர் கையைப் பிடித்து இழுத்தது. அவள் மேலே வந்தாள்.

அப்போது வண்டிச் சத்தம் கேட்டது.

பூசை முடிந்திருந்தது. பத்திநாதர் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக வந்தார். பின்னால் மரியதாசனின் வண்டி, அதன் பின்னால் இன்னொரு வண்டி, இரண்டிலும் மண். குருசுமுத்துவும் வேறு சிலரும் மண்வெட்டியோடு வந்தார்கள். படலை வண்டிக்கு அகலம் காணாது. பத்திநாதர் கையைக் காட்டினார். ஆட்கள் கிடுகு வேலியை ஒரு வண்டி அகலத்துக்கு வெட்டினார்கள்.

வேலி விழுந்தபோது தொட்டிக்குள் நேசம்மாவின் தலையும் தோள்களும் தெரிந்தன. மண்வெட்டிக்காரர்கள் திரும்பி நின்றார்கள். மரியதாசன் மாட்டைப் பார்த்தான். பத்திநாதர் மட்டும் திரும்பவில்லை.

"வெளியிலை வாரும்."

"வேலை கிடக்கு."

"உந்தக் கோலத்திலை, இத்தனை ஆம்பிளையளுக்கு முன்னாலை."

"வேலியை வெட்டினது நானில்லை."

"மண் வந்திட்டுது. நான் சொன்ன நாள் இண்டைக்கு."

"நான் சொன்ன நாளும் இண்டைக்குத்தான்."

மரியதாசன் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டான். "சம்மாட்டியார், கொட்டுறதோ?"

"பொறு."

"நான் பொறுப்பன். மாடு பொறுக்காது."

நேசம்மா தொட்டி விளிம்பிலிருந்த தக்கையை எடுத்தாள். அலவாங்கை மற்றக் கையில் எடுத்தாள்.

"கொட்டுறதெண்டால் கொட்டுங்கோ," என்றாள். "நான் கீழை போறன். தலைக்கு மேலை கொட்டுங்கோ."

மூச்சை இழுத்துக்கொண்டு போனாள். அலவாங்கின் பாரம் அவளை நேரே கீழே கொண்டுபோயிற்று.

அடியில் வெளிச்சம் பச்சையாக இருந்தது. தக்கையின் ஒடுங்கிய முனையைக் குழாய் வாய்க்கு நேரே பிடித்தாள். தண்ணீர் அதைப் பக்கவாட்டில் சாய்த்தது. மறுபடி பிடித்தாள். மறுபடி சாய்ந்தது. மார்பு இறுகியது. அலவாங்கை அடியில் விட்டுவிட்டு மேலே வந்தாள்.

வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அவள் விளிம்பைப் பிடித்து மூன்று முறை மூச்செடுத்தாள். பத்திநாதரின் செருப்பு அவள் கைக்குக் கிட்ட இருந்தது. திரும்பக் கீழே போனாள்.

இந்த முறை தக்கையோடு போராடவில்லை. வாய்க்கு முன்னால் பிடித்து, பிடியைத் தளர்த்தினாள். தண்ணீரே அதை நேராக்கி இழுத்துக்கொண்டது. கிணற்றுக்குப் போகிற தண்ணீர், அதை உப்பாக்கிய தண்ணீர், தக்கையை உள்ளே உறிஞ்சியது. அவள் அலவாங்கை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து இடித்தாள். தண்ணீருக்குள் அடி மெதுவாகத்தான் விழுந்தது. இடித்தாள். இன்னும் இடித்தாள்.

மேலே குருசுமுத்து தொட்டி விளிம்புக்கு வந்துவிட்டான்.

"மனிசி இன்னும் கீழைதான் நிக்குது."

"தெரியும்," என்றார் பத்திநாதர்.

"குமிழி வரேல்லை."

அங்கே நின்ற எல்லோருக்கும் நீந்தத் தெரியும். ஒருவரும் இறங்கவில்லை. பத்திநாதர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நேசம்மா மேலே வந்தாள். மூக்கிலிருந்து கொஞ்சம் இரத்தம் வந்தது. கையால் துடைத்தாள். பேச முடியவில்லை. குழியின் பக்கம் கையைக் காட்டினாள்.

குழிக்குள்ளிருந்து சீதேவியின் குரல் கேட்டது.

"அக்கா, குறையுது."

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"இன்னும் குறையுது. இஞ்சை பாருங்கோ, சொட்டுத்தான். ஓம். நிண்டிட்டுது."

பத்திநாதர் குழிக்குப் போனார். குனிந்து பார்த்தார். குருசுமுத்துவைப் பார்த்தார். குருசுமுத்து இறங்கி, உடைந்த குழாயின் வாய்க்குள் கையை விட்டான். கையை எடுத்துக் காட்டினான்.

"நிண்டுதான் போச்சு."

"நாளைக்குத் திரும்ப வரும்."

"வராது," என்றாள் நேசம்மா. குறுக்குக்கட்டோடே தொட்டியை விட்டு ஏறி வந்திருந்தாள். சீதேவி சேலையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் அதை வாங்கித் தோளில் போட்டாள், சுற்றவில்லை. "தண்ணி தள்ளத் தள்ள இறுகும். குழாய் இனிக் காயும்."

"பிறகு தொட்டி கழுவுறதெண்டால்? ஆர் கீழை போய்க் கழட்டுறது?"

"நான். நான் இல்லாட்டில் பிள்ளையள். சுழியோடவும் பழக்குவன்."

"என்ரை கிணறு?"

"அது என்ரை பிழை. நாளைக்கு வந்து இறைக்கிறன். நல்ல தண்ணி வருமட்டும் இறைக்கிறன். மாரி வந்தால் மிச்ச உப்பும் போயிடும்."

"என்ரை காணிக்குள்ளை நீர் கால் வைக்கத் தேவையில்லை."

"வைப்பன்."

பத்திநாதர் சால்வையைத் திரும்பத் தோளில் போட்டார். "கிணறு நல்லா வந்தாலும் உது இருக்கேலாது, நேசம்மா."

"அப்ப கிணத்துக்காக இல்லை."

"கடல் பொம்பிளையளுக்கு இல்லை. கடலாலை போறதெண்டால் தோணி கிடக்கு. தோணியிலை ஆம்பிளையள் இருக்கினம்."

"அண்டைக்கும் இருந்தவை," என்றாள் நேசம்மா.

குருசுமுத்து குழிக்குள்ளிருந்து ஏறவில்லை. மரியதாசன் மாட்டின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்திநாதரின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அவர் கடலைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"மரியதாசன்."

"ஓம், சம்மாட்டியார்."

"கொட்டு."

"எதுக்குள்ளை?"

மரியதாசன் வண்டியைத் தொட்டியின் பக்கம் திருப்பவில்லை. எந்தப் பக்கமும் திருப்பவில்லை. நேசம்மா தொட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து நின்றாள். கால்களிலிருந்து தண்ணீர் வடிந்து மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நிண்ட இடத்திலை கொட்டு," என்றார் பத்திநாதர். "இதிலையே கிடக்கட்டும். கிணத்திலை ஒரு துளி உப்புக் கூடினாலும் அள்ளி உள்ளுக்குப் போட வசதியா இருக்கும்."

"கிடக்கட்டும்," என்றாள் நேசம்மா.

இரண்டு வண்டி மண்ணும் வேலி வெட்டிய இடத்தில் விழுந்தது. இடுப்பளவுக்கு மேடாயிற்று. அவர்கள் போனார்கள்.

"வேலியைக் கட்டுவமோ, அக்கா?" என்றாள் சீதேவி.

"முதல் கிணறு."

*

திங்கள் காலை நேசம்மா பத்திநாதரின் படலையைத் திறந்துகொண்டு போனாள். நாய் குரைத்தது. பத்திநாதர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் கிணற்றடிக்குப் போய்த் துலாக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முதல் வாளியை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். கடல் பக்கம் போகும் வாய்க்காலில் ஊற்றினாள். இரண்டாவதை இழுத்தாள்.

ஒருவரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஒருவரும் உதவிக்கு வரவும் இல்லை. வெயில் ஏறியபோது சீதேவி வந்தாள். இருவரும் மாறி மாறி இறைத்தார்கள்.

"உள்ளங்கை போச்சு," என்றாள் சீதேவி.

"என்ரையும்."

"சம்மாட்டியார் எங்களை எண்ணுறார் போலை கிடக்கு."

"எண்ணட்டும்."

செவ்வாய் இறைத்தார்கள். புதன் இறைத்தார்கள். ஊறிய தண்ணீர் இன்னும் கரித்தது. முந்திய நாளை விடக் குறைவா இல்லையா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை நேசம்மா ஒரு வாளியை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு விலகி நின்றாள். பத்திநாதரின் பசு வந்து மணந்தது. தலையைத் தூக்கியது. பிறகு குனிந்து கொஞ்சம் குடித்தது. கொஞ்சம்தான்.

பத்திநாதர் கதிரையை விட்டு எழுந்து உள்ளே போனார்.

நேசம்மா திரும்பத் துலாக் கயிற்றைப் பிடித்தாள்.

சனிக்கிழமை வந்தது. வேலி இன்னும் கட்டப்படவில்லை. சீதேவியின் மகள் இராசமணி முதலில் வந்தாள். வெட்டிய வேலியையும் வழியில் கிடந்த மண் மேட்டையும் பார்த்து நின்றாள். வேலிக்கு வெளியே ஒழுங்கையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ரீச்சர், வேலி இல்லை."

"தண்ணி இருக்கு," என்றாள் நேசம்மா. அவள் ஏற்கெனவே தொட்டிக்குள் நின்றாள்.

இராசமணி கொஞ்ச நேரம் யோசித்தாள். பின்னால் மற்றப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். சிலர் திரும்பிப் போனார்கள். அவர்களை நேசம்மா கூப்பிடவில்லை.

இராசமணி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் மேட்டில் ஏறினாள். உச்சியிலிருந்து ஒருமுறை ஒழுங்கையைப் பார்த்தாள். பிறகு சறுக்கி இந்தப் பக்கம் இறங்கினாள். நின்றவர்களில் இன்னும் நாலு பேர் அவளுக்குப் பின்னால் ஏறினார்கள்.

"இண்டைக்கு என்ன, ரீச்சர்?"

"இண்டைக்குக் கீழை போறது," என்றாள் நேசம்மா. "கண்ணைத் திறந்துகொண்டு."